கரையானுக்குப் பதில் கரப்பான்

மொட்டப்பாறையில் சடையாண்டிக்குக் கொஞ்சம் அறிவு கூடுதல் என்று அவன் தம்பிகள் இருவரும் நம்பினார்கள். ஊரில் வேறு யாரும் நம்பவில்லை. அவர்கள் வீட்டு நடுத்தூணில் கரையான் ஏறிவிட்டது. மறுநாள் தங்கச்சி பேச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினான்.

ஆசாரி தூணைத் தட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்தக் கரையான் இருக்குறதுக்குக் கரப்பான் இருந்தாலே தேவலையப்பா. அது வீட்டைத் திங்காது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் தம்பிகள் கூடி யோசித்தார்கள்.

"ரெண்டுக்கும் ஆறு காலுதான். கூடக்கொறைய ஒண்ணுமில்ல" என்றான் சடையாண்டி.

"மீசையும் ரெண்டுக்கும் இருக்குண்ணே. ஆனா கரப்பானுக்கு றெக்கை இருக்கே" என்றான் நடுத்தம்பி ஒச்சு.

"மழை பேஞ்சா கரையானுக்குந்தான் முளைக்குது. ஈசல் பாத்ததில்லையா?" என்றான் கடைசித் தம்பி மொக்கையன்.

"முளைச்சு என்ன? ஒரு பொழுது பறந்துட்டு உதுத்துப்போட்டுருது. பொருளோட அருமை தெரியாத கூட்டம்!" என்றான் சடையாண்டி.

கரப்பான் ஜெயித்தது. டீக்கடைச் சாக்கடையில் ஒரு சாக்கு நிறையப் பிடித்தார்கள். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, நாளைக்கும் வரச்சொன்னார்.

சாக்கைத் தூணடியில் அவிழ்த்துவிட்டு ஒச்சு தூணைத் தட்டினான். "புது ஆளுக வந்துட்டாக. நீங்க கெளம்பலாம்!"

ஒன்றும் கிளம்பவில்லை.

"உள்ள இருக்குறதுகளுக்குக் காது கேக்கலை போல" என்றான் சடையாண்டி. கேட்கட்டும் என்று தூணைச் சுற்றிலும் துளை போட்டார்கள். துளைக்குத் துளை வாயை வைத்து மரியாதையாகவே சொன்னார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா சின்னக்காளை பாயில் உட்கார்ந்து பஜ்ஜியைக் கையில் எடுத்தார். வேட்டிக்குள் கரப்பான் ஏறியது. "ஆத்தே!" என்று எகிறித் தூணைக் கட்டிக்கொண்டார். தூண் அப்பளமாக நொறுங்கியது. கூரை மொத்தமும் தலையில் இறங்கியது. ஓலைக்கூரை என்பதால் யாருக்கும் அடியில்லை.

கீற்றை விலக்கிக்கொண்டு சடையாண்டி எழுந்து பார்த்தான். கரப்பான் ஒன்றையும் காணோம். ஒடிந்துகிடந்த தூணில் கரையான் மட்டும் அதுபாட்டுக்கு அரித்துக்கொண்டிருந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீகளா மாமா? ஆபத்துன்னதும் கரப்பான் ஓடிப்போச்சு. கரையான் நம்மளை விட்டு அசையலையே!"

சின்னக்காளை தலையில் கிடந்த ஓலையை எடுத்துப் போட்டுவிட்டுத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் மருமகனே" என்றார் கடைசியில். "ஆனா சீர்வரிசையோட அந்தத் தூணைக் கட்டாயம் அனுப்பிரணும். எங்க வீட்டுல இருக்குறது பூராம் கல்தூணு. நம்பி ஒரு உசுரு அண்டமாட்டேங்குது."