அடிக்காத அடி

செல்லக்கனியை நான் கடைசியாக உயிருடன் பார்த்தது ஒரு ஆட்டோவில். டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். துணைக்கு அவள் தங்கை. மறுநாள் கச்சேரி; அவள் வாசிக்கும் பேடைத் துடைத்துத் தயார் செய்ய வேண்டியிருந்ததால் நான் வீட்டில் நின்றுவிட்டேன்.

வழக்கம்போல இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே, ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில் விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் விர்ரென்று அதிர்ந்தது. அந்த அதிர்வு இருக்கும்வரைதான் டயாலிசிஸுக்கு அந்தக் கை உதவும், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

ஆட்டோ நகர்ந்தபோது தலையை வெளியே நீட்டினாள். "கேபிளை முழங்கையில சுத்தாதீங்க."

அவ்வளவுதான்.

அவள் என் மனைவி. எனக்குக் குருவும் அவள்தான்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே தொழிலைத் தெரிந்துகொண்டேன். அவள் பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேட் வாசித்தாள். ஒன்பது கட்டங்கள் உள்ள கறுப்புப் பெட்டி அது. எந்தக் கட்டத்தைக் குச்சியால் தட்டினால் என்ன சத்தம் வர வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். குழுவில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். நானும் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன். கேலி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

முதல் பாடம் கேபிள். காயில் கட்டிய கை எதையும் இறுக்கித்தான் சுற்றும். ஒருநாள் கச்சேரி முடிந்ததும் கேபிளை முழங்கையில் போட்டு இழுத்துச் சுற்றிக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்துத் தரையில் போட்டாள். அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தாள். அந்தப் பக்கமே தளர்வாகச் சுற்றினாள்.

ஏன் என்று கேட்டேன். இறுக்கினா உள்ள அறுந்துரும், நாளைக்கும் பிரியணுமே என்றாள்.

பேடை ஆன் செய்த பிறகுதான் ஸ்பீக்கர் என்பதும், அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில் என்பதும், கடற்கரை ஊருக்குப் போய்வந்தால் உப்புக் காற்று படிந்ததை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்பதும் அவளிடம் படித்ததுதான். இவ்வளவுக்கும் என்ன தட்சிணை தர என்று ஒருமுறை கேட்டேன்.

"ஸ்டேண்டைத் தூக்கிட்டு வாங்க, போதும்."

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்காக இடது கையில் அறுவை செய்தார்கள். வாசிக்கலாம், ஓங்கி அடிக்கக் கூடாது என்றார் டாக்டர். இடது கையில் பிடி தளர்ந்தது. விரல்கள் மரத்துப்போயின.

குழுவை நடத்தியவர் ஆபிரகாம் துரை. கீபோர்டு வாசிப்பார். ஒரு கடலோர ஊரில் கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் போயிருந்தபோது, மேடையில் சாமான்களைப் பொருத்தும் நேரத்தில் என்னைத் தனியாக அழைத்தார். மாஸ்டரின் இடது கை அடி இப்போதெல்லாம் கேட்பதில்லை, இன்றைக்கும் அப்படியே என்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னைப் பக்குவமாகச் சொல்லச் சொன்னார்.

எனக்குப் பக்குவம் தெரியாது. அப்படியே சொன்னேன். அந்தக் குழுவில் இல்லாமல் அவள் என்ன செய்வாள் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பேடில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிவிடலாம், லேசாகத் தொட்டாலே ஓங்கி அடித்தது போலக் கேட்கும் என்றேன்.

அவள் பேடை என் பக்கம் திருப்பினாள்.

"கூட்டுங்க."

கூட்டினேன். இடது கைக் குச்சியின் நுனியால் தொட்டாள். மேடைப் பலகை அதிர்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டாள். பேஸ் கிடார் வாசிக்கும் இசக்கியைக் கொஞ்சம் வாசிக்கச் சொன்னாள். அவன் கம்பியை மீட்டினான்; ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாகப் பேடுக்கு வந்தது. பேடின் இடது ஓரக் கட்டம் தொம் என்றது. அவன் மறுபடி மீட்டினான். மறுபடி தொம். யாரோ உட்கார்ந்து வாசிப்பது போலவே இருந்தது.

இசக்கி நிறுத்தினான். "மதினி, பொட்டிக்குள்ள வேற ஆளு வச்சிருக்கீங்களோ? நல்லாத்தான் வாசிக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆபிரகாம் துரை மட்டும் சிரிக்கவில்லை.

அவள் இரண்டு கைகளையும் எனக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

"இப்ப அடிச்சது யாருங்க?"



இசக்கியை மீட்டச் சொல்லிக்கொண்டே, நான் கூட்டியதை என்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னாள். ஒரு இடத்தில் கட்டம் அமைதியாயிற்று. அங்கேயே விடச் சொன்னாள். பிறகு இடது கையால் அடித்தாள். அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது.

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "இது கேக்காதே மாஸ்டர். கேக்காட்டி ஆளை மாத்திருவாங்க."

அவள் என் கையைப் பிடித்து, தன் இடது கையில், அந்தத் தையல் இருந்த இடத்தில் வைத்தாள். விர்ரென்று ஓடியது.

"அடிக்காம அதிர்றதுக்கு எனக்கு இது ஒண்ணு இருக்கு. டாக்டர் தச்சுக் குடுத்தது. அது போதும். பேடுல நான் அடிச்சது மட்டும் கேக்கட்டும்."

அதன் பிறகு வேலை வாங்கினாள். இடது பக்கத்துச் சத்தங்களை எல்லாம் வலது கை எட்டும் கட்டங்களுக்கு மாற்றச் சொன்னாள். இடது கைக்கு ஒரே ஒரு கட்டம். பாட்டின் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் அதற்கு ஒரு அடி. முன்பு நாலைந்து அடி அடுத்தடுத்து அடிக்க வேண்டியிருந்ததால் கையைத் தூக்கவே நேரம் இருக்காது. இப்போது ஒரு வரி நேரம் இருந்தது. அவள் ஓங்கவில்லை. கையைத் தூக்கி, விழவிட்டாள். தெளிவாகக் கேட்டது.

ஆபிரகாம் துரை பக்கத்தில் வந்து நின்றார். "எடது கைக்கு ஒரு அடிதானா மாஸ்டர்?"

"இருக்கிறது ஒண்ணுதாண்ணே. அது வந்துரும்."

கச்சேரியில் அது வந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் வந்தது. இரண்டாவது பாட்டுக்குள் இசக்கியே தன் கம்பியை நிறுத்தி அதற்குக் காத்திருக்கத் தொடங்கினான். நான் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டேண்டு உறையைப் பிடித்தபடி நின்றேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிட என்று தெரியவில்லை.

சாமான்களைக் கட்டும்போது ஆபிரகாம் துரை என்னிடம் வந்தார். டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை என்று கேட்டார். அந்த நாட்களில் கச்சேரி ஒத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

திரும்பும்போது வேனில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னேன்.

"கூட்டுறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல மாஸ்டர்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "என் அடி எல்லாருக்கும் கேக்கணும்னுதானே கூட்டினீங்க? அது எனக்குக் கேட்டுச்சு."

மெல்ல அவள் கையில் விரலை வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

பேட் இப்போது குழுவில் இருக்கிறது. வேறு ஒருவர் வாசிக்கிறார். கச்சேரி முடிந்ததும் கேபிளை நான்தான் சுற்றுகிறேன். அவள் வாங்கிய அதே கேபிள். இன்னும் எங்கும் அறுந்துபோகவில்லை.