முறுக்கில் மாம்பழ வாசனை

மலேசியாவின் ஈப்போ நகரில் வீரசிங்கம் என்பவர் முறுக்கு, பக்கோடா, வறுத்த கடலை செய்து விற்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் தவமணியின் வீட்டுக்குத் தியானத்துக்குப் போவார்.

தவமணி அவரைவிட மிகவும் இளையவர். பகலில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. தன்னை யாரும் குரு என்று சொல்வதை அவர் விரும்பியதில்லை. சொல்பவர்களைத் தடுத்ததும் இல்லை. வீரசிங்கம் அவரை அம்மா என்பார். அவர் வீரசிங்கத்தை அண்ணே என்பார்.

புகையில்லாத மின்சிகரெட் ஊருக்குள் பரவத் தொடங்கியிருந்த சமயம். வேப் என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை எல்லோரும் எழுந்து போன பிறகும் வீரசிங்கம் உட்கார்ந்தே இருந்தார்.

"அம்மா, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க."

"வேலை செய்யிற இடத்துல வேப் இழுக்க விடலாமா, கூடாதா?"

தவமணி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தீங்களா?"

"மறைக்க மாட்டேன். முழுக்க இதான்."

தவமணி பாயைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "சொல்லுங்க."

வீரசிங்கம் சொன்னார்.

பட்டறையில் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்பவன் சிவநேசன். முன்பு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பிடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்சந்துக்குப் போவான். மாவு பிசைபவரும் கடலை வறுப்பவரும் கூடவே போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை சட்டி சும்மா கிடக்கும். வீரசிங்கத்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் சிகரெட் பிடிக்கிறவனைப் போகாதே என்று எப்படிச் சொல்வது?

மகள் பிறந்து சில மாதங்கள் கழித்து நேசன் சிகரெட்டை விட்டான். வேப்புக்கு மாறினான். அவனைவிட அதிகம் மகிழ்ந்தவர் வீரசிங்கம். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. இனி எதற்கு வெளியே போக வேண்டும்? எண்ணெய்க்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, ஆறவைக்கும் அறையில் அவரே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே உட்கார்ந்தால் கதவு வழியாகச் சட்டி தெரியும். அடுப்பைத் தணிக்கவே வேண்டாம்.

"ஆறவைக்கிற ரூம்னா?" என்று தவமணி கேட்டார்.

"சுட்ட முறுக்கைத் தட்டுத் தட்டா ஃபேனுக்குக் கீழ வைப்போம். சூடு போனதும் பாக்கெட்ல போட்டு சீல் வைக்கணும். அமுதவள்ளின்னு ஒரு பொண்ணு சீல் போடுது. அந்த ரூம்லதான்."

"சரி."

"முறுக்கு ஆறும்போது பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கும். அதனால வெள்ளிக்கிழமைகூட அந்த ரூம்ல ஊதுபத்தி கொளுத்த விடமாட்டேன். பூ வச்சிக்கிட்டு வராதேன்னு வள்ளிகிட்ட சொல்லியிருக்கேன்."

"அப்புறம் எப்படி இதை விட்டீங்க?"

வீரசிங்கம் தலையைச் சொறிந்தார். "புகை இல்லைன்னு சொன்னாங்களேம்மா."

கிள்ளானிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்திருந்தார். முறுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மாம்பழ வாசம் அடிக்கிறது, ஏதாவது புதுச் சரக்கா என்று கேட்டார். அப்போதுதான் வீரசிங்கத்துக்கு உறைத்தது.

தவமணி சிரித்துவிட்டார். வீரசிங்கமும் கொஞ்சம் சிரித்தார். உடனே முகம் மாறியது.

"முறுக்கு போனா போகுதும்மா. வள்ளி போறேங்கிறா. நெஞ்சு அடைக்குதாம். தீபாவளி முடிஞ்சதும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போறேன்னு சொல்லிட்டா. நேசன் என்னடான்னா, இதையும் பிடுங்கினா பழையபடி சிகரெட்டுக்குத்தான் போவேங்கிறான். கைப்பிள்ளைக்காரன். அவனை எப்படித் தள்ள முடியும்?"

"வள்ளி போயிட்டா?"

"பட்டறை ஆரம்பிச்ச நாள்லருந்து இருக்கிறவம்மா. எங்கம்மா தவறினப்ப முதல்ல வந்து நின்னவ அவதான். என் சொந்தக்காரங்களே அப்புறந்தான் வந்தாங்க."

"போகாதேன்னு அவகிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியும்மா."

தவமணி மறுபடியும் பாயை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். வீரசிங்கம் காத்திருந்தார்.

"சனிக்கிழமை கிளினிக் அரை நாள்தான்," என்றார் தவமணி. "வர்றேன்."

சனிக்கிழமை பிற்பகல் வீரசிங்கம் பட்டறையைக் கழுவி வைத்திருந்தார். காப்பியும் கெட்டியான வாழைப்பழப் பலகாரமும் வாங்கி வந்திருந்தார். தவமணி காப்பியை மட்டும் குடித்தார். ஆறவைக்கும் அறைக்குள் போனதும் அவருக்காகத் துடைத்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"இது யாருடையது?"

"என்னுதும்மா," என்றான் நேசன் வாசலிலிருந்து. "ஆனா இன்னிக்கு உங்களுக்கு."

"நீங்களே உக்காருங்க." ஒரு முக்காலியை இழுத்து வள்ளியின் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

வள்ளிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கையால் பாக்கெட்டின் வாயை நீவி, இயந்திரத்தின் பல்லுக்குள் கொடுத்து, காலால் மிதிப்பாள். உஸ் என்று ஒரு சத்தம். அடுத்த பாக்கெட். வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தாள். கை நிற்கவில்லை.

"இந்தம்மாதான் தீர்ப்பு சொல்லப் போறாங்களா?" என்றாள் நேசனிடம்.

"ஆமா லா. நீங்க ஜெயிச்சா நான் சந்துக்கு. நான் ஜெயிச்சா நீங்க கையுறைக்கு."

"நீ ஜெயிச்சிட்டாலும்."

"அக்கா, என் யோசனையை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. மாம்பழ முறுக்குன்னு லேபிள் அடிச்சு விலையில ரெண்டு வெள்ளி கூட்டி வித்துடலாம்."

"அடி. மேல உன் மூஞ்சியையும் போடு. ஒரு பாக்கெட் போகாது."

மாவு பிசைபவர் உள்ளே எங்கோ சிரித்தார். வீரசிங்கம், "போதும், போதும்," என்றார்.

தவமணி நேசனிடம், "இப்ப இழுக்கணும்னு இருக்கா?" என்று கேட்டார்.

அவன் முதலாளியைப் பார்த்தான். "இருக்கு."

"இழுங்க."

அவன் பையிலிருந்து அதை எடுத்தான். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்தது. ஒருமுறை இழுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஊதினான். வெள்ளையாக வந்து, ஃபேன் காற்றில் பட்டுக் கலைந்து, தட்டுகளின்மேல் போய் இல்லாமல் ஆயிற்று. அறை முழுக்கப் பழுத்த மாம்பழ மணம். வள்ளி முகத்தைத் தோளில் புதைத்து இருமினாள். கால் மட்டும் மிதியைத் தேடிப் பிடித்து மிதித்தது. உஸ்.

"ஆவின்னு சொல்றாங்க," என்றாள் தவமணியிடம். "ஆவியாம் ஆவி. இந்த நெஞ்சுக்கு அது தெரியுமா?"

நேசன் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டான். "எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்குக்கா. ஆனா இது இல்லாட்டி நான் என்ன பண்றது? சிகரெட் பிடிக்கிறப்ப என் மவ எங்கிட்ட வரமாட்டா. நாறுதுன்னு மூஞ்சைத் திருப்பிக்குவா. இப்பதான் நெஞ்சு மேல படுத்துத் தூங்குறா."

வள்ளி அடுத்த பாக்கெட்டை எடுத்து நீவினாள்.

"சந்துக்குப் போய் இழுக்கலாமே," என்றார் தவமணி.

"முதலாளிதான் உள்ளேயே உக்காரச் சொன்னாங்க."

"அங்க எப்படி இருக்கும்?"

"எங்க?"

"சந்துல."

நேசன் யோசித்தான். "அங்க என்னம்மா இருக்கு? சாக்கடை, ரெண்டு பூனை. எதுத்த வீட்டுச் சீனக் கெழவர் துணி காயப்போட வருவார், ஏதாவது திட்டிட்டுப் போவார். நாங்க நிப்போம். நேத்து பந்து ஆட்டத்தைப் பத்திப் பேசுவோம். இப்ப போறதில்ல. மாவு பிசையிற அண்ணனும் போறதில்ல. நான் வந்தாத்தானே அவரும் வருவாரு."

வீரசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"புரிஞ்சிடுச்சும்மா. தப்பு என்னுது. சட்டி நிக்கக்கூடாதுன்னு பார்த்தேன். நேசா, இனிமே நீ பழையபடி வெளிய போய் நின்னு இழு. அடுப்பைத் தணிச்சிட்டுப் போ. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். இந்த ரூமுக்குள்ள எதுவும் வேண்டாம்."

"சத்தியமாவா, முதலாளி?"

"போடா."

நேசன் தன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெளியே போனான். "அண்ணே, சந்து தொறந்தாச்சு," என்று உள்ளே பார்த்துக் கத்தினான். கடலை வறுப்பவர் கைதட்டினார்.

வீரசிங்கம் வள்ளியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப சரிதானே?"

"சரிதான், முதலாளி."

"அப்ப போக மாட்டே இல்ல?"

உஸ். அவள் பாக்கெட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"தெரியல, முதலாளி."

"ஏன்? அதான் வாசம் இருக்காதே."

"அதான் எனக்கும் தெரியல. வாசத்தாலதான்னு நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

வீரசிங்கம் தவமணியைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தது கையிலிருந்து நழுவிப் போவதுபோல் அவருக்கு இருந்தது. கோபமும் வந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

தவமணி அவரைப் பார்க்கவில்லை.

"வள்ளி, நீங்க எப்ப வெளிய போவீங்க?"

"அஞ்சரைக்கு. பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு வரும்."

"அது வீட்டுக்கு. நடுவுல?"

"மத்தியானச் சோறு இங்கேயே தின்னுடுவேன். தட்டுக்கு ஈ வராம பாக்கணுமே."

"நடுவுல வெளிய போறதில்லையா?"

வள்ளிக்குக் கேள்வி விளங்கவில்லை. தவமணியையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடுவுல எதுக்குப் போறது?" என்றாள். "நான்தான் சிகரெட் பிடிக்கறதில்லையே."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஊர்ப்பெயரைக் கேட்டவருக்கு ஊர்ப்பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மிதியை மிதித்தாள்.

பின்பக்கத்தில் ஆண்களின் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள். சீனக் கிழவர் திட்டத் தொடங்கியிருந்தார். சட்டி சும்மா கிடந்தது. அறைக்குள் ஃபேன் சுற்றும் சத்தமும் உஸ் என்ற சத்தமும் மட்டும்.

தவமணி முக்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

வீரசிங்கம் மேசைக்கு அந்தப் பக்கம் போனார்.

"எந்திரி."

"என்ன, முதலாளி?"

"எந்திரிம்மா. நான் போடுறேன்."

"உங்களுக்கு வராது."

"வராட்டி கெட்டுப் போகட்டும்."

அவள் எழுந்தாள். முதலாளி அவள் இடத்தில் உட்கார்ந்தார். கால் மிதியைத் தேடியது. முதல் பாக்கெட் கோணலாக ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

வள்ளி கைகளைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்கதவு வரை போனாள். வெளியிலிருந்து நேசன் எட்டிப் பார்த்து, "வாங்கக்கா, பூனை குட்டி போட்டிருக்கு," என்றான். அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வெளிய போயி நான் என்னம்மா செய்யணும்?"

"ஒன்னும் செய்ய வேண்டாம்," என்றார் தவமணி.