கேட்டுக்குள் நெருப்பு கூடாது

அசட்டூர்க்காரர்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்திய கதையை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. வெளியூர் ஆலை ஒன்றைப் பார்க்கப் போன ஆறு பேர் திரும்பி வந்து, "புகைபோக்கி உச்சியில தீ எரியுது" என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் கண்டது அவ்வளவுதான். ஊர் கூடி நூறு அடிப் புகைபோக்கி கட்டி, உச்சியில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டு, கீழே பானை வைத்து எண்ணெய்க்காக ஒரு வருஷம் காத்திருந்தது.

பிறகுதான் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அந்தப் புண்ணியவான் உலை, கோபுரம், தொட்டி எல்லாம் வைத்துச் சுற்றிலும் மதில் எழுப்பினார். "கச்சா எண்ணெயைக் காய்ச்சினா ஆவியாகிக் கோபுரத்துல ஏறும். லேசானது மேலே போகும், கனமானது கீழே தங்கும்" என்றார். உடனே தொழிலாளிகளைத் தராசில் நிறுத்து, ஒல்லியானவர்களைக் கோபுர உச்சியில் ஏற்றிவிட்டார்கள். தொந்தி பெருத்த மேனேஜர் வைகுண்டமணி கீழே உட்கார்ந்தார். பசித்தபோது எல்லாரும் இறங்கி வந்தார்கள்.

இன்ஜினியர் கேட்டில் ஒரு பலகையை மாட்டிவிட்டு ஊரைவிட்டே ஓடினார். 'கேட்டுக்குள் நெருப்பு கொண்டு வரக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது.

அப்போது ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை லைசென்ஸ் ஆபீசர் வருகிறார். ஒரு டின் பெட்ரோலாவது காட்டாவிட்டால் ஆலைக்குப் பூட்டு, வைகுண்டமணிக்கு வேலை காலி.

உலையைப் பற்றவைக்க ஃபோர்மேன் தளவாய் தீப்பெட்டியோடு வந்தான். வாட்ச்மேன் இசக்கிமாடன் கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"நெருப்பு உள்ள போகக் கூடாது, வே."

"உலை உள்ளல்லா இருக்கு? நெருப்பில்லாம எப்படிக் காய்ச்ச?"

"அது எம்பாடு இல்ல. பலகையில போட்டிருக்கு."

மேனேஜரும் சேர்ந்து அரை நாள் யோசித்தார்கள். இதற்கு அரை நாள்!

"நெருப்பு உள்ள வரக் கூடாது, சரி. உலை வெளிய இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?" என்றார் வைகுண்டமணி.

"போடலியே அண்ணாச்சி!" என்று இசக்கிமாடன் வாயைப் பிளந்தான்.

மதிலை இடித்து, உலை வெளியே நிற்கும்படி தள்ளிக் கட்டினார்கள். உலையை மூட்டியதும் கோபுரம் சுட்டது. "இதுக்குள்ள நெருப்பு ஒளிஞ்சிருக்கு" என்றான் இசக்கிமாடன். மதில் இன்னும் உள்ளே நகர்ந்தது. தொட்டியில் இருப்பதும் பற்றிக்கொள்ளும் சாமான்தானே என்று மூன்றாம் முறையும் நகர்ந்தது. வியாழக்கிழமை மதிலுக்குள் மிச்சம் இருந்தது ஒரு கிணறும் வாட்ச்மேன் நாற்காலியும்தான். ஆலை முழுக்கப் பொட்டலில் நின்றது. ஆடு மேய்ப்பவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். இசக்கிமாடனோ கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர்களின் மடியைத் தடவித் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், யார் செய்த புண்ணியமோ, ஒரு டின் பெட்ரோல் வந்தேவிட்டது. ஆபீசர் மோந்து பார்த்தார்.

"இது பெட்ரோல்தானா?"

வைகுண்டமணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "சந்தேகமே வேண்டாம் சார்! தளவாய், எரிச்சுக் காட்டுடே. நாம கேட்டுக்கு வெளியதான நிக்கோம்?"

தளவாய் குச்சியை உரசிப் போட்டான். டின் பிடித்தது, தொட்டி பிடித்தது, கோபுரம் பிடித்தது. புகைபோக்கி உச்சியிலும் கடைசியாக நிஜத் தீ எரிந்தது. ஆபீசர் ஜீப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

வேட்டி முனையில் தீயோடு வைகுண்டமணி கிணற்றைப் பார்த்து ஓடி வந்தார். கேட்டில் கம்பு குறுக்கே நீண்டது.

"நெருப்போட உள்ள விட முடியாது, அண்ணாச்சி."

வைகுண்டமணி நின்றார். பலகையை ஒரு தடவை நிதானமாகப் படித்தார். முழங்கால்வரை தீ ஏறிய வேட்டியோடு இசக்கிமாடனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"சபாஷ்டே! இந்த ஆலையில உருப்படியான ஆளு நீ ஒருத்தன்தான்."

இசக்கிமாடனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "அணைச்சிட்டுச் சட்டுன்னு வாங்க அண்ணாச்சி," என்றான். "தண்ணி உள்ளதான் இருக்கு."