மன்னர் கையிலிருந்து இறங்கிய ஆட்டம்

ராஜாக்களும் சார்ஜர் தேடி அலைந்த முன்னொரு காலத்தில், கடல்கடந்த வியாபாரி ஒருவன் ஒரு மன்னருக்கு இரண்டு விளையாட்டுக் கருவிகளைக் காணிக்கையாகத் தந்தான். இரண்டும் கையில் அடங்கும். இரண்டிலும் திரை, பொத்தான்கள், ஓடிக் குதிக்கும் ஒரு குட்டி வீரன். பெரியதற்கு மட்டும் நடுவே பிளவுள்ள ஒரு பீடம் கூட வந்தது. அது எதற்கென்று தெரியாமல் அரண்மனையார் அதில் வெற்றிலை அடுக்கி வைத்தார்கள்.

மன்னர் சின்னக் கருவியோடு அரியணையில் அமர்ந்தால் எழுந்திருக்க மாட்டார். மன்னர் கையில் இருப்பதை எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பதவி போகும் என்பது அந்தச் சபையின் வழக்கம். ஆகவே பிரதானி சேதுராயர் எதையும் பார்க்காமலே, கருவி 'டிங்' என்ற போதெல்லாம் "வெற்றி, வேந்தே" என்பார். சபையும் ஒத்து ஊதும்.

ஒருநாள் மன்னருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டும் கையில் வைத்து ஆடுவதுதானே, பிறகு என்ன வித்தியாசம்? விகடகவி கொம்பையன் மேல் வெகுநாள் பொறாமை கொண்டிருந்த ராயர், அவரைக் கேட்கலாம் என்றார். சொல்லத் தெரியாதவருக்கு அரண்மனைச் சோறு எதற்கு என்றும் சேர்த்துக்கொண்டார். மன்னரும் சரி என்றுவிட்டார்.

கொம்பையன் பீடத்திலிருந்த வெற்றிலையை எடுத்து மென்றபடி யோசித்தார்.

"மகாராஜா, இரண்டையும் கையிலிருந்து இறக்கிவிட்டு ஆடுங்கள்."

"இறக்கிய பிறகு எப்படி ஐயா ஆடுவது?"

சின்னது இறக்கிய இடத்தில் சும்மா கிடந்தது. பெரியதைக் கொம்பையன் பீடத்தில் உட்கார வைத்து, சபைச் சுவரிலிருந்த டி.வி.யோடு வயரால் இணைத்தார். அதன் இரு பக்கப் பிடிகளையும் கழற்றி ஒன்றை மன்னரிடம் கொடுத்தார். சுவரில் வீரன் ஆள் உயரம் நின்றான். மன்னர் பொத்தானை அழுத்தினார். வீரன் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். 'டிங்.' மறுபடி ஓடினான், விழுந்தான். 'டிங்.'

இத்தனை நாள் தாங்கள் எதை வாழ்த்தினோம் என்பது சபைக்கு அப்போதுதான் புரிந்தது.

ராயர் பாய்ந்து வந்தார். "வேந்தே, தங்கள் தோல்வியை ஊரே பார்க்கச் செய்துவிட்டான். வழக்கப்படி இவன் பதவியைப் பறிக்க வேண்டும்."

"கையில் இருப்பதைத்தான் பார்க்கக் கூடாது, பிரதானியாரே. ஆட்டம் சுவரில் இருக்கிறது," என்றார் கொம்பையன். பிறகு மன்னரிடம், "வித்தியாசம் இதுதான், மகாராஜா. சின்னது கையோடு முடிந்துவிடும். பெரியது பயணத்தில் கையில் இருக்கும். வீடு திரும்பினால் பீடத்தில் உட்கார்ந்து வீட்டாரையும் ஆட்டத்துக்குக் கூப்பிடும்."

மன்னர் சுவரில் விழுந்து கிடந்த வீரனையே பார்த்தார். அதே பள்ளத்தில் எத்தனை தடவை தனியாக விழுந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலும்.

அப்போது பக்கத்து ஆசனத்திலிருந்த மகாராணி மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் முந்திக் குதிக்கிறீர்கள்."

மன்னர் திரும்பிப் பார்த்தார். ராணியின் குரலைக் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. கொம்பையனிடமிருந்து மற்றப் பிடியை வாங்கி அவரிடம் நீட்டினார். சுவரில் இரண்டாவது வீரன் வந்தான், ஓடினான், பள்ளத்தைத் தாண்டி நின்று, இந்தப் பக்கம் நின்ற மன்னரின் வீரனுக்காகக் காத்திருந்தான்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கொம்பையனுக்கு ஆயுள் முழுக்கச் சபையில் இடம் என்று அறிவித்து, பரிசாக முத்துமாலையைக் கழற்றப் போனவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"நீரே கழற்றிக்கொள்ளும் ஐயா," என்றார் சுவரைப் பார்த்தபடி. "ராணி காத்திருக்கிறாள்."