வெல்டிங் வைத்த பிடி

வேலுத்தாய் டிராக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு ஒழுங்கா உழுதுட்டுப் போம். இல்ல, எம்மேல ஏத்திட்டுப் போம்" என்றார்.

டிராக்டரில் இருந்தவர் தவமணி. வயது ஐம்பத்து நாலு. இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, உழவர் குழு டிராக்டர் வாங்கியபோது அதை ஓட்டச் சேர்ந்தவர். ரோட்டில் மாடு குறுக்கே வந்தாலே பொறுக்காதவர். அவருக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"உம்ம நிலம் கோணலா இருந்தா நான் என்ன செய்ய?"

"எந்நிலம் கோணலா? இறங்கி வந்து பாரும்!"

அவர் இறங்கவில்லை. இறங்கிப் பார்த்திருந்தால் வாயடைத்திருக்கும். ரெண்டு ஏக்கர் கரிசலில் கால்வாசி உழுதிருந்தது. கலப்பை கிழித்த ஒரு சால் ஒரு சாணுக்கு மேல் ஆழம். பக்கத்துச் சால் வெறும் மேல்மண்ணைச் சீவியிருந்தது. மறுபடி ஆழம், மறுபடி சீவல். இதற்கு உழாமலே போட்டிருக்கலாம்.

இந்த உழவுக்காக வேலுத்தாய் பட்டியலில் பேர் எழுதிப் பன்னிரண்டு நாள் காத்திருந்தார். நாளைக் காலை டிராக்டர் அடுத்த ஊருக்குப் போகிறது. அது திரும்பி வருவதற்குள் மழை விழுந்துவிடும். மழை விழுந்த கரிசலில் டிராக்டர் இறங்காது. மேலாகச் சீவிய மண்ணில் பருத்தி வேர் இறங்காது, ஆழமான சாலில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். இந்த வருஷ வெள்ளாமை இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தீர்மானமாக வேண்டும்.

வேலுத்தாய் உட்கார்ந்தபடியே போன் போட்டு கோமதி டீச்சரை வரச் சொன்னார்.

சங்கரகோமதிக்கு வயது முப்பத்தொன்று. குழுவின் ஓட்டுநர்களுக்கு டிராக்டர் வேலை சொல்லித்தருபவர் அவர்தான். தவமணியும் அவரிடம் படித்தவர். தன்னைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர் தன்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவதில் கோமதிக்கு முதல் வாரம் கூச்சம் இருந்தது. இரண்டாவது வாரம் இல்லை.

மொபெட்டை வரப்பில் நிறுத்திவிட்டு டீச்சர் முதலில் உழுத சால்களைப் பார்த்தார். பிறகு டிராக்டரின் பின்னால் போனார்.

டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைப் பிடித்துக்கொள்ள மூன்று கைகள் உண்டு. கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. கீழே வலப்பக்கம் இருக்கும் கையை ஏற்றவும் இறக்கவும் ஒரு சுற்றுப்பிடி இருக்கும். கலப்பைக்குத் தக்கபடி அதைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிடி சுற்றவில்லை. டீச்சர் குனிந்து பார்த்தார். பிடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியாக வெல்டிங் வைத்திருந்தது.

"யாரு வச்ச வேலை இது?"

"நான்தான்" என்றார் தவமணி.

"எதுக்கு?"

"யாரும் திருகக்கூடாதுன்னுதான். நானும் திருகக்கூடாது. கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி வச்சுப் பாத்தேன் டீச்சர். குமிழி நட்டநடுவுல நின்னுச்சு. ஒரு நூல் விலகல. அதுக்கப்புறந்தான் வெல்டு வச்சேன்."

"எந்த இடத்துல வச்சுப் பாத்தீங்க?"

"கொட்டகையில. சிமெண்டுத் தரையில."

"அப்ப என்ன கலப்பை மாட்டியிருந்தீங்க?"

"கொக்கிக் கலப்பை. மூணு பேரு நிலம் உழுதேன். ஒருத்தர் ஒரு குறை சொல்லல."

"இது என்ன கலப்பை?"

"சட்டிக் கலப்பை." அதில் மண்ணைப் புரட்டும் மூன்று இரும்புச் சட்டிகள் வரிசையாக இருந்தன.

"சட்டிக் கலப்பைக்கு வலது கையை ஏத்தணும்னு நான் சொல்லித்தரலையா?"

தவமணி டிராக்டரை விட்டுக் குதித்தார். இத்தனை நாள் நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"சொன்னீங்க. நீங்க சொன்னபடிதான் சுத்தினேன். போன குழுக் கூட்டத்துல எத்திராஜ் எந்திரிச்சு என்ன கேட்டாரு? 'தலைவர் நிலத்துல இறங்கி இறங்கிச் சுத்துனான், எந்நிலத்துல தொடக்கூட இல்ல, ஆளுக்கொரு அளவா'ன்னு கேட்டாரு. அவரு நிலத்துல ஓட்டுனது கொக்கிக் கலப்பை, அதுக்குச் சுத்த வேண்டாம். அது எனக்குத் தெரியும், அவருகிட்டச் சொன்னேன். ஏன்னு திருப்பிக் கேட்டாரு. டீச்சர் சொன்னாங்கன்னு சொன்னேன். மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. இருபத்தாறு வருஷத்துல ஒருத்தன் என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சதில்ல. கொட்டகைக்கு வந்தேன், வெல்டு வச்சேன். இனிமே எல்லாருக்கும் ஒரே அளவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யறது குத்தமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் வேலுத்தாயிடம் திரும்பினார்.

"அக்கா, சாப்பாட்டுத் தட்டு இருக்கா?"

வேலுத்தாய் எழுந்துபோய் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தார். டீச்சர் அதில் விளிம்பு முட்டத் தண்ணீர் ஊற்றி, தவமணியின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

"வலது காலைச் சால்ல வைங்க. இடது காலை மேல, உழாத மண்ணுல வைங்க. அப்படியே டிராக்டர் வரைக்கும் நடங்க. சொட்டுத் தண்ணி சிந்தக்கூடாது."

"விளையாடற நேரமா டீச்சர் இது?"

"நடங்க அண்ணாச்சி."

நடந்தார். இரண்டாவது எட்டிலேயே வலப்பக்கம் தண்ணீர் வழிந்து வேட்டி நனைந்தது. வேலுத்தாய் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். டீச்சர் தட்டை வாங்கி, மறுபடி நிரப்பிக் கொடுத்தார். இந்தமுறை தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். டிராக்டர் வரைக்கும் சிந்தவில்லை.

"அசையாம நில்லுங்க. இப்ப ஏன் சிந்தல?"

"வலது கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

"ஏன் தூக்குனீங்க?"

"வலது காலு பள்ளத்துல நிக்குதே டீச்சர்..."

சொல்லிக்கொண்டே அவர் டிராக்டரைப் பார்த்தார். அதன் வலது சக்கரம் சட்டிக் கலப்பை வெட்டிய சாலுக்குள் நின்றது; கொக்கிக் கலப்பை மண்ணைக் கீறுவதோடு சரி, சக்கரம் இறங்கும் பள்ளம் விழாது. இடது சக்கரம் மேலே நின்றது. வண்டியே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு சேர்ந்து கலப்பையும் சாய்ந்திருந்தது. முன்சட்டி மண்ணுக்குள் புதைந்து கிடக்க, பின்சட்டி மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. டிராக்டரின் வலது கையில் அவர் வைத்த வெல்டிங் புத்தம் புதிதாகத் தெரிந்தது.

தட்டை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

டீச்சர் மொபெட் பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு சிலவற்றை எடுத்து நீட்டினார்.

தவமணி மண்ணில் உட்கார்ந்து தான் வைத்த வெல்டிங்கைத் தானே அறுத்தார். லேசில் அறுபடவில்லை. அவ்வளவு ஆத்திரத்தோடு வைத்திருந்தார். ஒரு பிளேடு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கையில் கொப்புளம் வந்தது. வெயில் இறங்கத் தொடங்கியது. வேலுத்தாய் ஒரு கண் மேகத்தின் மேலும் ஒரு கண் பிளேடின் மேலுமாக நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்?" தவமணி அறுப்பதை நிறுத்தவில்லை.

"கேளுங்க."

"அன்னைக்குக் கூட்டத்துல நீங்களும் இருந்தீங்க. மூணாவது நாற்காலியில. எல்லாரும் சிரிக்கும்போது நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஏன் இதைச் செய்யப்போறேன்?"

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது.

"சொல்லியிருக்கணும் அண்ணாச்சி" என்றார். "எல்லாரும் பெரிய ஆளுக, நாம எதுக்குன்னு உக்காந்துட்டேன். அது என் தப்புதான்."

தவமணி இதை எதிர்பார்க்கவில்லை. பிளேடு ஒரு நொடி நின்றது.

வேலுத்தாய் மெதுவாகச் சொன்னார். "நானுந்தான் அன்னைக்குச் சிரிச்சேன்."

பிளேடு மறுபடி ஓடியது. கடைசியில் வெல்டிங் விட்டது.

தவமணி பிடியைச் சுற்றினார். எத்தனை சுற்று என்று அவர் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. வலது கை ஏறியது. கலப்பை நிமிர்ந்தது. பத்தடி ஓட்டி நிறுத்தினார், இறங்கிவந்து சாலுக்குள் கையை விட்டுப் பார்த்தார், இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினார். மறுபடி ஓட்டினார். இப்போது மூன்று சாலும் ஒரே ஆழம்.

கோணலாக உழுததையும் சேர்த்து முழுக்க உழுது முடித்தபோது மேற்கே சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலுத்தாய் நிலத்தின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கால் புதைய நடந்து போய்விட்டு வந்தார். தட்டைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார்.

தவமணிக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு டீச்சர். வேலுத்தாய் நிலத்துல இறங்கி இறங்கிச் சுத்துனான்னு எத்திராஜ் மறுபடி எந்திரிப்பாரு. ஆளுக்கொரு அளவான்னு மறுபடி கேப்பாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

டீச்சர் மொபெட்டை மிதித்து ஸ்டார்ட் செய்தார்.

"கூட்டத்தை இங்க வைக்கச் சொல்லி நானே தலைவர்கிட்டப் பேசுதேன். கேக்குறவரு ஒரு காலைச் சால்ல வச்சு, கையில தட்டையும் பிடிச்சுக்கிட்டுக் கேக்கட்டும்."