ஒன்பது பக்கப் புகாரும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

ஞானிகள் மலைமேல் இருப்பார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. மலைமேல் கரண்ட் ஒழுங்காக இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரே ஞானி கடையநல்லூரில், ஒரு செருப்புக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறார். பெயர் பரீதா. வயது முப்பத்தாறு. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இசக்கிராஜ் அவரிடம் வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். பரீதாவைவிடப் பத்து வயது மூத்தவர். எடிட்டிங்கை அவரிடம்தான் படித்தார். ஆகையால் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

ஒரு கையில் லேப்டாப் பை. மறு கையில் தடித்த கவர்.

"நாட்டுல கேக்க ஆளே கெடையாதா டீச்சர்?"

"என்ன கேக்கணும் அண்ணாச்சி?"

"நல்லா ஓடிக்கிட்டிருந்த சிஸ்டம். அப்டேட் போடு, அப்டேட் போடுன்னு கம்பெனிக்காரன் தெனமும் நச்சரிச்சான். ஞாயித்துக்கெழம போட்டுத் தொலைச்சேன். அன்னையிலேர்ந்து ஹார்ட் டிஸ்க் நத்தையாயிருச்சு. ஒரு ஃபோல்டரத் தொறக்க இருவது நிமிசம். காப்பி போட்டா இன்னும் ரெண்டு நாள்ங்கான். ரெண்டு நாள்! நான் என்ன கப்பல்லயா அனுப்பச் சொன்னேன்?"

"ஹார்ட் டிஸ்க்ல என்ன இருக்கு?"

இசக்கிராஜின் குரல் இறங்கியது.

"கோமதிநாயகம் அண்ணாச்சி இருக்காரு."

கோமதிநாயகம் போன மாதம் மகளைக் கட்டிக்கொடுத்தவர். பிறந்ததிலிருந்து ஆடாத மனிதர், அன்றைக்கு மேளத்துக்கு முன்னால் இறங்கி ஆடிவிட்டார். அவர் மனைவி அப்போது சம்பந்தி வீட்டாரை வண்டி ஏற்றப் போயிருந்தார், பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் கோமதிநாயகம் இறந்துபோனார். நாளைக் காலை பதினாறாம் நாள் காரியம்.

"'அத ஒருதரம் கண்ணால பாத்துக்கிடுதேன் தம்பி'ன்னு அந்த அக்கா கேட்டாவ. காரியத்தன்னைக்குக் கொண்டாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். கேமரா கார்ட அழிச்சு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாச்சு. இத விட்டா வேற எடத்துல கெடையாது."

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"எல்லாம் செஞ்சாச்சு. வயர மாத்தினேன். வேற ஓட்டையில சொருகினேன். மெதுவாச்சுன்னா பிடுங்கிட்டு மறுபடி சொருகுதேன். நம்ம லைன்ல எல்லாவனும் அதத்தான செய்வான்? தாலி கட்டுத நேரத்துல ஒரு வயர் படுத்துக்கிட்டா, உக்காந்து விசாரிக்கவா முடியும்?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"இருவது இருக்கும். ராத்திரி கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருதேன். தலமாட்டுல வச்சுத்தான் படுக்கேன்."

பரீதா லேப்டாப்பை மேசையில் வைத்தார். பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அதில் சொருகினார். அதன் சின்ன நீல விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"கவர்ல என்ன?"

"கம்பெனிக்குப் புகார். ஒம்பது பக்கம். படிச்சுப் பாத்து இங்கிலீஷ்ல மாத்தித் தாங்க. ஒரு சொல் கொறையக் கூடாது."

பரீதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"மதிப்புக்குரிய ஐயா என்று உங்களை அழைக்க என் மனம் ஒப்பவில்லை..."

இரண்டாம் பக்கம் வந்தபோது இசக்கிராஜ் தாள்களைப் பிடுங்கினார்.

"இருங்க, இங்க ஒரு வரி விட்டுப்போச்சு."

எழுதிவிட்டுக் கொடுத்தார். பரீதா முதல் பக்கத்தை எடுத்தார்.

"மதிப்புக்குரிய ஐயா என்று உங்களை அழைக்க..."

மூன்றாம் பக்கத்தில் மறுபடி பிடுங்கினார்.

"முக்கியமான எடம் ஏழாம் பக்கத்துல இருக்கு டீச்சர். இந்தா, பாருங்க."

பரீதா தாள்களை வாங்கி, தட்டி அடுக்கி, முதல் பக்கத்தை மேலே வைத்தார்.

"மதிப்புக்குரிய ஐயா..."

"டீச்சர்! மூணாம் பக்கத்துல இருந்தீங்க!"

"ஆமா."

"பெறவு ஏன் திரும்பவும் மொதல்ல இருந்து?"

"பிடுங்கிட்டீங்களே."

இசக்கிராஜ் மேசையைப் பார்த்தார். நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன செய்யுது டீச்சர்?"

"வாசிக்குது. சிஸ்டம் புதுசு. உள்ள இருக்குற ஒவ்வொரு ஃபைலையும் ஒருதரம் பாத்துப் பட்டியல் போடும். அதுவரைக்கும் மத்த வேலை மெதுவாத்தான் நடக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு வருசக் கல்யாணம் இருக்குல்லா? எட்டு மணி நேரம்."

"நாலு நாளாச்சே!"

பரீதா புகாரின் தாள்களைத் தட்டி அடுக்கி, மறுபடி முதல் பக்கத்தை மேலே வைத்தார்.

தன் தவறு தெரிந்ததும் கோபம் போய்விடும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அது எழுந்து நின்று வேறு இடம் தேடும்.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரப் பய இத ஒரு வரியில சொல்லியிருக்கலாம்லா? 'வாசிச்சுக்கிட்டிருக்கேன், கை வைக்காத'ன்னு? நாலு நாளா மனுசன் சோறு தண்ணி எறங்காம அலையுதான். அந்த ஒரு வரி போட்டா அவன் கை அழுகிப்போயிருமா?"

"அது நியாயம்."

"நியாயம்தான?"

"முழு நியாயம். அந்த ஒரு வரிய மட்டும் எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல மாத்தித் தாரேன்."

பரீதா வேறொருவரின் பிரிண்டரைக் கழற்ற உட்கார்ந்தார். இசக்கிராஜ் நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயிட்டு வாங்க அண்ணாச்சி."

"மாட்டேன். இது என்னைய நாலு நாள் மொறைச்சிச்சு. இன்னைக்கு நான் மொறைக்கேன்."

பன்னிரண்டரைக்கு விளக்கு நின்றது. ஒரு விநாடி. இரண்டு விநாடி. இசக்கிராஜின் கை வயருக்குப் போனது.

பரீதா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். புகாரின் முதல் பக்கத்தை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

இசக்கிராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விளக்கு மறுபடி சிமிட்டியது.

மாலை ஆறு இருபதுக்குச் சிமிட்டுவது நின்று, ஒரே சீராக எரிந்தது. ஃபோல்டர், தொட்டவுடன் திறந்தது. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேளத்துக்கு முன்னால் இறங்கினார். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

மறுநாள் காரிய வீட்டில், முன்னறை டிவியில் அதைப் போட்டார்கள். அந்த அக்கா ஒருதரம் பார்த்தார். இன்னொருதரம் போடச் சொன்னார். ஏழு தடவை போட்டார்கள். நாலாவது தடவையில், சமையலுக்கு வந்தவர்களும் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

அன்று பந்தியில் சாம்பார் அடிப்பிடித்திருந்தது.