பையில் இருக்கும் கட்டை

மின்சாரக் கருவிகளுக்கான பரிசோதனைக் கூடம் ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில் இருந்தது. அங்கே குருவாக இருந்தவர் மரிய புஷ்பம். வயது நாற்பத்தொன்று. சீடராக வந்து சேர்ந்தவர் கமலக்கண்ணன். வயது நாற்பத்தாறு. தன்னைவிட மூத்த சீடருக்குப் பாடம் சொல்வது தலைவலி பிடித்த வேலை. ஆனாலும் புஷ்பம் முகம் சுளித்ததில்லை. சிரித்ததும் இல்லை.

கமலக்கண்ணன் ஒரு பெட்டி செய்திருந்தார். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து தெருவுக்கு மின்சாரம் வராமல் போனால் பெட்டி தானே கண்டுபிடிக்கும். பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து அந்தத் தெருவுக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும். எல்லாம் ஒரே நிமிடத்தில். மனிதன் கை படவே வேண்டாம்.

அதை ஊர்களில் மாட்டுவதற்கு முன் புஷ்பத்தின் கையெழுத்து வேண்டும். அது அவ்வளவு சுலபத்தில் விழாது. ‘அம்மாவுக்குப் பேனா பிடிக்கவே தெரியாது’ என்று கூடத்திலேயே கேலி உண்டு.

கமலக்கண்ணன் நான்கு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். தெரிந்த அதிகாரி ஒருவரைப் பிடித்து, தூரத்து ஊர் ஒன்றில் மூன்று தெருக்களுக்கு மட்டும் பெட்டியை மாட்டி ஓடவிட்டார். புஷ்பத்திடம் சொல்லவில்லை. பத்து நாள் நல்லபடியாக ஓடியதைக் காட்டிவிட்டால் அப்புறம் என்ன சொல்ல முடியும் என்று ஒரு கணக்கு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஏழாம் நாள் மழை மூட்டமாக இருந்தது. மூன்று மணிக்கு அவர் குருவின் மேஜை முன் வந்து நின்றார்.

“கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊரையே கட்டி, பதினோராயிரம் கோளாறு குடுத்துப் பாத்தாச்சு மேடம். காக்கா உக்காந்தது, தென்னை மட்டை விழுந்தது, லாரி மோதினது. ஒண்ணுலகூடத் தப்பலை. இன்னும் என்னதான் சோதிக்கணும்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி மேடம்.”

புஷ்பம் எழுந்தார்.

“வெளியே வாங்க சார்.”

கூடத்தின் பின்னால் சோதனைக்கென்று நட்ட கம்பங்கள் இருந்தன. நிஜக் கம்பி, இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நடுவில் கமலக்கண்ணனின் பெட்டி. கம்பத்தின் உச்சியில், கம்பியில் மின்சாரம் இருந்தால் எரியும்படி ஒரு பல்பு. கீழே ஏணியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊர் லைன்மேன் செங்கோடன். புஷ்பம்தான் வரச் சொல்லியிருந்தார்.

“அண்ணே, மேல கம்பி தளர்ந்து கிடக்குன்னு வச்சுக்கங்க. உங்க ஊர்ல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க. நான் நிறுத்தச் சொன்னா நின்னுடணும்.”

“சரிங்கம்மா.”

செங்கோடன் டிரான்ஸ்ஃபார்மரிடம் போனார். மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். பல்பு அணைந்தது. கட்டைகளைத் தன் காக்கிப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்து ஏணியில் கால் வைத்தார்.

“நில்லுங்கண்ணே. கட்டையை எதுக்குப் பையில போட்டீங்க?”

“அங்கயே வச்சா எவனாச்சும் எடுத்து மாட்டிப்போடுவானுங்க. நம்மகிட்ட இருந்தா, நாம எறங்குற வரைக்கும் ஒருத்தனும் கரண்ட் குடுக்க முடியாதுங்களே.”

“கம்பியைத் தொடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாப்பீங்களா?”

செங்கோடன் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“கட்டை எம்பையில இருக்குதுங்க. அப்பறம் என்னத்தைங்க சோதிக்கிறது?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

செங்கோடன் ஏணியில் இருந்து காலை எடுத்தார். பைக்குள் கையை விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவிப் பார்த்தார். மூன்றும் இருந்தன.

கமலக்கண்ணனுக்குக் கோபம் வந்தது. பயந்துபோனவர்களுக்கு முதலில் வருவது அதுதான்.

“இது சட்டப்படி தப்பு மேடம். ஆபீசுக்குச் சொல்லி, லைனை நிறுத்தியாச்சுன்னு லைன் கிளியர் வாங்கிட்டுத்தான் இவர் ஏறணும். வாங்கியிருந்தா பெட்டி கரண்டைத் திருப்பாம தானா பூட்டிக்கும்.”

“ஏண்ணே, நீங்க வாங்கலையா?”

“மத்த நாள்ல வாங்குவோங்க. மழை பேஞ்சா ஆபீசுக்கு நாப்பது போன் வரும். நம்ம போனை யாருங்க எடுக்கறாங்க? கீழ சனம் நின்னு கத்தும். கட்டையைப் பிடுங்கிப் பையில போட்டுட்டு ஏறிர்றதுதானுங்க. முப்பது வருசமா இப்படித்தான்.”

“எல்லாருமேவா?” என்று கேட்டார் கமலக்கண்ணன்.

“எல்லாருந்தானுங்க.”

கமலக்கண்ணன் குருவைப் பார்த்தார். “இவங்க இப்படிச் செய்வாங்கன்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

புஷ்பம் உச்சியில் எரிந்த பல்பையே பார்த்தார். மழை தூற ஆரம்பித்தது.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“ஒரு ஊர்ல மூணு தெருவுக்கு மாட்டி ஓடவிட்டிருக்கேன். ஆறு நாளாச்சு.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அங்க உள்ள லைன்மேன்களுக்குத் தெரியுமா?”

“அவங்ககிட்ட யாரும் சொல்லலை. அவங்க யாரு எவருன்னுகூட எனக்குத் தெரியாது.”

“அங்க மழையா?”

“காலையில இருந்து.”

“போய் நிறுத்துங்க.”

கமலக்கண்ணன் ஓடினார். லேப்டாப்பில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தார். மூன்றாம் முறை திறந்தது. பெட்டியை நிறுத்தினார். பெட்டி நின்றதைக் காட்டி மூன்று தெருக்களும் திரையில் சிவப்பாகின. ஒரு பெருமூச்சு விட்டார்.

அதற்குப் பிறகுதான் கீழே இருந்த வரியைப் பார்த்தார். இரண்டாவது தெரு. இன்று பிற்பகல் இரண்டு இருபது. டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து மின்சாரம் வரவில்லை. ஒரு நிமிடத்தில் திருப்பி விடப்பட்டது. பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘சக்ஸஸ்’ என்று இருந்தது.

எரிந்துபோன ஃபியூஸுக்கும் ஓர் ஆள் பிடுங்கி எடுத்த ஃபியூஸுக்கும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. தெரியவேண்டும் என்று அதைச் செய்தவருக்கும் தோன்றவில்லை.

புஷ்பம் பின்னால் வந்து நின்றார். அவரும் அந்த வரியைப் படித்தார்.

“மரம் கிரம் விழுந்து ஃபியூஸ் போயிருக்கும் மேடம்” என்றார் கமலக்கண்ணன். “மழை நாள்ல அதுதானே அதிகம்? அதுவாத்தான் இருக்கும். இல்லையா மேடம்?”

புஷ்பம் மேஜையில் இருந்த போனை எடுத்து, அந்த ஊருக்குப் பேசும்படி அவர் முன்னால் வைத்தார்.

“இருக்கலாம் சார். நான் செஞ்ச பெட்டியை முதல்ல மாட்டின அன்னைக்கு நானும் அப்படி நினைச்சுக்கிட்டேதான் போன் பண்ணினேன்.”